வாங்க

புதுப்பெண்ணாகக் கப்பலிறங்கி வந்த செல்லக்கண்ணுவைக் கணவனின் அண்ணன் மருதப்பன் ‘வா’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொட்டும் மழையில் வாசலிலேயே நிற்க வைத்தார். வருஷங்கள் ஓடியும் அந்த ஆத்திரம் அவளுக்கு ஆறவில்லை.

தை மாதம் மருதப்பன் செத்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம், ஜாலான் புசார் தெருவில் அவள் வீட்டு வாசலில், சீனப் பெருநாள் பட்டாசுக் காகிதங்களை மிதித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்த வேட்டியோடு செத்தவர் வந்து நின்றார். அன்றிலிருந்து தினமும் நின்றார். உள்ளே மட்டும் வரவில்லை.

“வீட்டுக்காரி நீ கூப்பிடாம அண்ணன் வரமாட்டாரு. வாங்கன்னு சொல்லிடேன்” என்றான் கணவன் சேதுபதி.

“செத்துட்டா மரியாதை வந்துருமா? நிக்கட்டும் லா.”

மறுநாள் பக்கத்து வீட்டு ஆமினா பீவி ஆரஞ்சுப் பழங்களோடு வாசலுக்கு வந்து குரல் கொடுத்தார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. செல்லக்கண்ணு திரும்பாமலேயே, “வாங்க, வாங்க. உக்காருங்க” என்றாள்.

பாலை இறக்கிவிட்டுத் திரும்பினாள். வாசல் காலியாக இருந்தது. ஆமினா பீவி உள்ளே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சின் மறுபாதியிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

‘வா’ என்றிருந்தால் ஒருவர்தான் வந்திருப்பார். மரியாதைக்குச் சேர்த்த ‘ங்க’ இரண்டு பேரையும் அழைத்துவிட்டது.

செல்லக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு காப்பி கலந்தாள்.