ஓடும்போது திருத்தியது

விசாரணை அறையில் எல்லோரும் கிளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பவள் அவள். எந்த முகவரியையும் இரண்டு முறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தட்டச்சு செய்வாள். அதனால் வந்த பட்டப்பெயர்.

போன வாரம் ஒருவருக்கு நெஞ்சுவலி. போனில் பதிவான குரலில் கதவு எண் எட்டு. கிளியும் எட்டு, எட்டு என்றிருக்கிறாள். ஆனால் ஓட்டுநருக்குப் போனது நூற்றுப் பதினாறு.

வண்டி தெருவின் மறுகோடிவரை போய்த் திரும்பி வருவதற்குள் அவருக்கு உயிர் போய்விட்டது.

அதிகாரி, மூலையில் உட்கார்ந்திருந்த புரோகிராமரிடம் திரும்பினார். "ஏம்மா, மெஷினே நம்பரை மாத்தியிருக்குமா?"

பத்து வருடமாக அந்த புரோகிராமைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான்.

நெஞ்சுவலி அழைப்பு வந்த அன்று காலை, அதற்குச் சற்று முன், வேறொரு அழைப்பில் கதவு எண் தப்பாக ஏறியிருந்தது. திருத்தலாம் என்றால் திரை அசையவில்லை. புரோகிராமை நிறுத்தித் தொடங்க நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடமும் ஊரில் ஒருவருக்கும் ஆம்புலன்ஸ் கிடையாது.

எத்தனையோ முறை செய்ததுதானே என்று, தன் கணினியிலிருந்தே, ஓடிக்கொண்டிருந்த புரோகிராமின் நினைவகத்தில் கைவைத்தாள். தப்பான எண் இருந்த இடத்தைத் தேடிப் பிடித்தாள். அதன்மேல் சரியான எண்ணை, நூற்றுப் பதினாறு என்று எழுதினாள்.

தேடியதற்கும் எழுதியதற்கும் நடுவே சில விநாடிகள்.

அதற்குள் அந்த வீட்டுக்காரர்கள் வேறு வண்டி பிடித்துவிட்டதாகச் சொல்ல, அழைப்பு ரத்தாகியிருந்தது. நினைவகத்தில் காலியான அந்த இடத்தை புரோகிராம் அடுத்து வந்தவருக்குக் கொடுத்திருந்தது.

அடுத்து வந்தவர் நெஞ்சுவலிக்காரர்.

வெளியிலிருந்து எழுதினால் எங்கும் பதிவாகாது. பதிவாகவும் இல்லை.

"மெஷின் தானா எதையும் மாத்தாது சார்" என்றாள் புரோகிராமர்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டார். கிளியை வேலையிலிருந்து நீக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

புரோகிராமர் தாழ்வாரத்துக்கு ஓடினாள். கால் பிடித்தாவது சொல்லிவிட வேண்டும். வேலை போனால் போகட்டும், ஜெயிலுக்கே போனாலும் போகட்டும்.

கிளி சுவரோரம் நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். இவள் வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏன்க்கா முகத்தைத் தொங்கப்போட்டுக்கறீங்க? உள்ளதைத்தானே சொன்னீங்க. ஒரு வாரமா யோசிச்சு யோசிச்சு, இப்பத்தான் எனக்கே நல்லா ஞாபகம் வருது."

அன்று தட்டச்சு செய்ததை ஆள்காட்டி விரலால் சுவரில் தட்டிக் காட்டினாள்.

ஒன்று. ஒன்று. ஆறு.