உயிர்ப்பிச்சை

புத்தர் குளித்தெழுந்த நைரஞ்சனை ஆற்றுக்குப் புண்ணியம் தேடி வந்த பெரியவர், கூடைக்காரனிடம் ஒரு விரால் மீனை வாங்கிக் கண்ணீர் மல்கத் தண்ணீரில் விட்டார். விராலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"எப்பேர்ப்பட்ட மனுஷன்! என்னைக் காப்பாத்தணும்னே வந்திருக்கார்," என்று கரையோர நண்டிடம் பூரித்துப்போனது.

"சரி சரி, சீக்கிரம் ஆழத்துக்குப் போயிடு," என்றது நண்டு.

"எதுக்கு? இந்தக் கரையில மீன் தின்கிற ஆளே கிடையாதே!"

"தின்கிறதுக்கா இங்க மீன் பிடிக்கிறாங்க?"

விரால் திருதிருவென விழித்தது. அப்போது கரையில் அதே பெரியவர் கூடைக்காரனிடம் பேசும் குரல் கேட்டது. கனிவு கொஞ்சமும் குறையவில்லை.

"நாளைக்குக் குடும்பத்தோட வர்றேன்பா. ஆளுக்கொரு மீன் விடணும். இப்பவே பிடிச்சு வை."

விராலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிளந்த வாயை மூடுவதற்குள் தலைக்கு மேல் வலை விழுந்தது.