பின்வாசல் கழிவுநீர்

அவனியாபுரத்து முலாம் பட்டறையின் பின்வாசலில் உச்சிவெயில் கொதிக்கிறது. பச்சையாய்க் கொட்டும் கழிவுநீர்க் குழாயடியில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பவதாரிணி குத்துக்காலிட்டு அமர்ந்திருக்கிறாள். சுற்றிலும் கண்ணாடிச் சில்லுகள். சோதனைக்காக அவள் நீர் பிடித்த முதல் பாட்டிலைப் பட்டறை முதலாளி அழகுராஜா பிடுங்கிச் சுவரில் அடித்து உடைத்துவிட்டான். தடுக்கப் போன டிரைவர் ரத்தம் ஒழுகும் மூக்கைத் துண்டால் பொத்தியபடி ஜீப்பில் சாய்ந்து நிற்கிறார். அவள் அடுத்ததாக ஒரு பிளாஸ்டிக் கேனை நீருக்குள் அமிழ்த்துகிறாள். அழகுராஜா பாய்ந்து, நீருக்குள்ளேயே அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குகிறான். “வெறும் தண்ணிதான் விடுறோம்னு எம்புட்டுத் தடவ சொல்றது? எந்திரிடி!” அவள் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். “போயிராதீங்கண்ணே. முதலாளி நீங்க பக்கத்துல இருக்கப்ப எடுத்தாத்தான் சட்டப்படி செல்லும்.” எலும்பு நெரிகிறது. கேன் களக்களக்கென்று நிறைகிறது. அவள் கையில் முழங்கை வரை ரப்பர் உறை. அவனுடையது, கண்ணாடி கிழித்த வெறுங்கை. முதலில் அவன் தாடை இறுகுகிறது, பிறகு உதடு கோணுகிறது, கடைசியில் பிடி விட்டுப்போகிறது. அவள் நிதானமாகக் கேனை மூடுகிறாள். கையை உதறிக்கொண்டு அவன் பட்டறைப் பக்கம் அலறுகிறான்: “டேய், நல்ல தண்ணி கொண்டாங்கடா!”