மழைக்கோட்டின் வார்

மலைமேல் ஒரு லாயம். அதன் சுவரில் ஒரு கம்பளிச் சட்டையும் புது மழைக்கோட்டும் தொங்கின. மழையும் குளிருமாக விடிந்த ஒரு காலையில், எசமானோடு சவாரிக்குப் போவது யார் என்று இரண்டும் மல்லுக்கு நின்றன.

"குளிருக்கு நான்தான் சரி" என்றது கம்பளி.

"நனைஞ்சா நீ ரெண்டு ஆள் கனம்! என்னைத் தாண்டி ஒரு சொட்டு உள்ளே போகுமா?" என்றது கோட்டு.

குதிரை செம்பி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கோட்டண்ணே, போறதுன்னா உன் அடியில தொங்குற கால்வாரை எசமான் தொடையில கட்டிக்கோ. காத்துல நீ படபடன்னு அடிச்சா எனக்கு ஈரக்குலை நடுங்கும்."

"சுமக்கிறவளுக்கு உடுப்பைப் பத்தி என்னடி தெரியும்?" என்று சிரித்த கோட்டு, வார் தொங்கினால் அழகு கெடும் என்று அதை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டது. எசமானும் கவனிக்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மலை வளைவில் காற்று சீறியது. கோட்டு விரிந்து செம்பியின் விலாவில் பளார் பளாரென்று அறைந்தது. ஏதோ மிருகம் பாய்ந்துவிட்டதென்று அவள் மிரண்டு துள்ளினாள். எசமான் சேற்றில் போய் விழுந்தார். எழ முடியவில்லை, முனகல்தான் வந்தது.

செம்பி பதறித் திரும்பி வந்து அவர் தோளை முகர்ந்தாள். "ஐயோ, அவருக்கு என்ன ஆச்சு?"

கோட்டு தன் கழுத்துப்பட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தது.

"ஒண்ணும் ஆகலை" என்றது பெருமையாக. "நீயே பாரு, ஒரு சொட்டு ஈரம் இல்லை."