காலி ரயிலின் நேரம்

எங்கள் பென்சில்வேனியா பூங்காவின் மர ரோலர் கோஸ்டருக்கு இந்த வசந்தத்தில் நூறு வயது. அதன் ஒவ்வொரு பலகையையும் எங்கள் தச்சர்களே மாற்றி வந்திருக்கிறார்கள்.

ஆள் நிறைந்த ரயில் தொண்ணூற்றெட்டு விநாடியில் சுற்றி வரும். எடை குறைந்த காலி ரயிலுக்கு நூற்று நான்கு ஆகும். சோதனை ஓட்டத்தில் காலி ரயில் நூற்றுப் பத்தைத் தாண்டினால் அனுமதி இல்லை. நேற்றைய குளிரில் நூற்றுப் பதினொன்று ஆனது. ஆய்வாளர் இன்று இன்னொரு வாய்ப்புத் தந்தார். தவறினால் இந்த வருடம் பூட்டுதான்.

தச்சர் எர்வின் காலையிலேயே பாதை முழுக்க நடந்து, ஒவ்வொரு ஆணியையும் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கிழவி மானத்தக் காப்பாத்திடுவா, பாரேன்" என்றார், கோஸ்டரைக் காட்டி.

"அவ நல்லாத்தான் இருக்கா. நீதான் ராத்திரி தூங்கல" என்றாள் பிரேக் பிடிக்கும் லொரெய்ன்.

காலி ரயில் போய்த் திரும்பியது. கையிலிருந்த கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தேன். தொண்ணூற்றெட்டு.

"யார ஏத்தி அனுப்புனீங்க?" என்றார் ஆய்வாளர்.

"நீங்களும் இங்கதான சார் நின்னீங்க?" என்றார் எர்வின், நெஞ்சை நிமிர்த்தி.

ஆய்வாளர் கையெழுத்துப் போடத் தொடங்கினார். லொரெய்ன் வழக்கம்போல் காலி இருக்கைகளின் பாதுகாப்புக் கம்பிகளைத் தூக்கிவிட்டு, "இடப்பக்கமா இறங்குங்க, பாத்து" என்றாள்.

எர்வின் தொப்பியைக் கழற்றினார். ஆய்வாளர் தாளிலிருந்து தலை நிமிராமலே சற்று ஒதுங்கி, வழிவிட்டு நின்றார்.