திகதி மாறிய கோப்பு

றோசலின் கம்பியூட்டர் திரையை இன்னொரு தடவை பார்த்தாள். அந்தக் கோப்பின் திகதி மாறித்தான் இருந்தது.

நேற்றுக் காலையில் மார்ச் ஐந்து. இன்றைக்கு ஏப்ரல் ஒன்பது.

லியனார்ட் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டான்.

கொட்டகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கம்பியூட்டர் வந்து இரண்டாவது வருசம். காலையில் றோசலின் அதில் ஆட்களின் பெயர்க்கணக்கை அடிப்பாள். பின்னேரம் பெக்டரி கிளாக்கர் லியனார்ட் வந்து தூள் கணக்கை அடிப்பான். அவள் எழுந்துபோன பிறகுதான் அவனுக்கு முறை. கதிரையில் கொஞ்சம் சூடு மட்டும் அவனுக்கு மிச்சமிருக்கும்.

பக்கத்து மேசையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் பெரிய கிளாக்கர் மரியரட்ணம். றோசலினைப் பெற்ற அப்பா. கம்பியூட்டரை அவர் 'பொட்டி' என்றுதான் சொல்வார். விரலால் தொட்டும் பார்த்ததில்லை. ஆனால் அதற்குள் என்ன எழுதினாலும் தாளில் அச்சடித்துத் தன் மேசைக்கு வரவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அப்படிப்பட்ட பெட்டிக்குள் 'ஞாயிற்றுக்கிழமை சந்திப்போமா' என்று யாருக்கு எழுதத் துணிச்சல் வரும்?

வழி கண்டுபிடித்தவன் லியனார்ட்.

திரையில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பக்கத்திலும், அதில் கடைசியாகக் கைவைத்த திகதியும் நேரமும் நிற்கும். அதைப் பார்க்க யாருக்கு நேரமிருக்கிறது? முதலில் கம்பியூட்டரிடம், இன்றைக்கு வேறொரு நாள் என்று கூசாமல் ஒரு பொய் சொல்ல வேண்டும். பிறகு 'கொப்பி' கட்டளையை அடித்து, கோப்பின் பெயரைப் போட்டு, ஒரு கூட்டல் குறி, இரண்டு காற்புள்ளி. கோப்புக்குள்ளே ஓர் எழுத்தும் மாறாது. வெளியே திகதி மட்டும் சொன்ன பொய்யை அப்படியே நம்பி நிற்கும். கடைசியில் மறக்காமல் கம்பியூட்டரை உண்மையான நாளுக்குத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கென்றே 'டெஸ்ட்' என்று யாருக்கும் வேண்டாத ஒரு கோப்பை வைத்திருந்தார்கள். அதன் திகதி ஞாயிற்றுக்கிழமை, நேரம் நாலரை என்றால், அன்றைக்கு நாலரைக்குக் கொட்டகலை ஸ்டேஷன். மற்றவர் அதைத் தொடாமல் விட்டால் சம்மதம். மாற்றினால், அன்றைக்கு முடியாது, வேறு நாள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வருசம் சந்தோசமாக ஓடியது. ஸ்டேஷன் வாசல் இஸ்ஸதீன் கடைக் கச்சான் கடலையைக் கொறித்துக்கொண்டு, ரயில் பார்க்க வந்த இரண்டு பேரைப்போல பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். எந்த ரயில் வந்தது, எது போனது என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது.

போன ஞாயிறு அதே பெஞ்சில் வைத்துத்தான் அவன் சொன்னான், அடுத்து வைக்கப்போவது கல்யாணத் திகதி என்று. அது மாறாமல் நின்றால், நேரே வந்து அவள் அப்பாவிடம் பெண் கேட்பதாக.

மார்ச் ஐந்து என்று பார்த்த காலையில் றோசலினுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரே ஆளின் பெயரை இரண்டு தடவை அடித்துவைத்து, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதுவும் இனித்தது.

இப்போது ஏப்ரலாம்.

அவளுக்குக் காரணம் புரிந்தது. அவன் பூண்டுலோயாவில் மெதடிஸ்த சபை வீட்டுப் பிள்ளை. அப்பாவோ ஒரு ஞாயிறுகூடப் பூசை தவறாத கத்தோலிக்கர். கேட்ட வாயை மூடுமுன் முடியாது என்றுவிடுவார். அந்தப் பயம் அவனையும் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. முதலில் ஏப்ரல் என்பான். பிறகு டிசம்பர் என்பான். அப்படியே நாள் போய்விடும்.

தேத்தண்ணி நேரத்தில், வழக்கத்துக்கு மாறாக, லியனார்ட் வந்து நின்றான். கையில் தூள் சாம்பிள் பொட்டலம், சும்மா ஒரு சாக்குக்கு. மரியரட்ணம் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு முழுதாக அதற்குப் பின்னால் இருந்தார்.

அவன் குனிந்து கிசுகிசுத்தான்.

"ஏங்க றோசலின் தள்ளிப் போட்டீங்க? நேத்து பின்னேரம் பாத்ததுல இருந்து சோறு எறங்கல. ஒங்க விருப்பம்னு தொடாம விட்டுட்டேன்."

றோசலின் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

நேற்று மத்தியானம் அவள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் பெக்டரியில் இருந்தான். ஆபீசில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

இருவரும் மெல்லத் திரும்பினார்கள்.

பேப்பர் இறங்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மார்ச் அஞ்சு தபசுகாலம்மா. அதுல எந்தச் சாமியார் கல்யாணம் கட்டி வைப்பாரு?"

சின்ன வயதில் புது நன்மை வாங்கிய நாளிலிருந்து ஒரு வருசம்கூடத் தவறாமல், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலத்தை அனுசரித்தவள் றோசலின். சந்தோசத்தில் அது அவள் மண்டையில் ஏறவே இல்லை. சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. லியனார்ட் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தபடி நின்றான்.

மரியரட்ணம் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"ஒரு வருசமா ஞாயித்துக்கிழமையே காட்டுன பொட்டி, திடீர்னு சனிக்கிழம காட்டுனா எனக்குப் புரியாதா? நேரத்தயும் பத்தரைக்கு மாத்தி வச்சிருக்கேன், பாத்தீங்களா தம்பி. பூண்டுலோயாவுல இருந்து ஒங்க வீட்டு ஆளுங்க பஸ் புடிச்சு வந்து சேரணும்ல."