அளவில்லாப் பேச்சு

செண்பகத்துக்குத் தொண்டை போய் இரண்டு வருடம் ஆகிறது. கழுத்தில் ஒட்டிய வில்லை அவள் உதட்டசைவைக் கம்பெனிக்கு அனுப்பும்; அங்கிருந்து குரல் வரும். ‘அளவில்லாப் பேச்சு’ என்றுதான் அவள் புருஷன் மாசானம் திட்டம் எடுத்தார். ஆனாலும் மாதம் பாதி தாண்டினால் கம்பெனிக்காரன் வேகத்தைக் குறைத்துவிடுவான்; ஒரு வார்த்தை வந்து சேர அரைமணி ஆகும்.

அப்படியொரு மாதக் கடைசியில் சம்பந்தி சுயம்பு வந்தார். "என்ன தங்கச்சி, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

செண்பகம் உதட்டை அசைத்தாள். சத்தமில்லை.

ஊரில் ஒருத்தனையும் நம்பாத மாசானத்துக்கு, தன்னையே கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அவளுக்கு இப்பம் புத்தி கொஞ்சம் தடுமாறுது மச்சான். கண்டுக்கிடாதீங்க," என்றார்.

சுயம்பு உச்சுக்கொட்டினார். பச்சைப்பிள்ளையிடம் கேட்பதுபோல, "சாப்...பிட்டியா தாயி?" என்று அவளிடம் உரக்கக் கேட்டுவிட்டு, நிற்காமல் கிளம்பிவிட்டார்.

அவர் தெருவைத் தாண்டிப் போய் வெகுநேரம் கழித்து வில்லையிலிருந்து குரல் வந்தது. "வாங்கண்ணே. இருங்க, காப்பி போடுதேன்."

மாசானம் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். "நான் சொன்னது தப்புத்தான்ட்டி."

செண்பகம் ஏதோ சொன்னாள். சொல்லி முடித்து உதடும் மூடிவிட்டது. அது என்னவென்று தெரிய இன்னும் அரைமணி இருந்தது. மாசானம் எழுந்திருக்கவுமில்லை, அவள் முகத்தைப் பார்க்கவுமில்லை.